கூடத்துக்குள் ஒரு காற்பந்துப் பருவம்



பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாலை ஐந்து மணி என்பது ஒரு தனி வேளை. மத்தியானம் பால் கொட்டகையில் நிறுவை முடிந்து, குளித்துச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால், திடலில் பந்து உருளும் சத்தம் கேட்கும். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். கோல் கம்பங்கள் காட்டு மரத்தால் ஆனவை. வலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நடுவராக ஒரு கிராணியாரோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ நிற்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்துத் தோட்டத்து அணி லாரியில் வந்து இறங்கும். அன்றைக்குத் தோட்டமே திடலைச் சுற்றி நிற்கும்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளோடு இந்த மாநிலத்தில் தொடங்கிய கதை, பிறகு ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது. பின்னர் தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. பட்டணத்துக்கு அருகில் இருந்த நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்து மக்கள் சுங்கை சிப்புட்டுக்கும், பத்து காஜாவுக்கும், ஈப்போவில் புந்தோங் போன்ற வட்டாரங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். வீட்டைப் பற்றிப் பேச்சு நடந்தது. நஷ்டஈட்டைப் பற்றிப் பேச்சு நடந்தது. கோயிலையும் பள்ளியையும் பற்றிக்கூடப் பேச்சு நடந்தது. திடலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அது தோட்ட நிர்வாகத்தின் நிலம். நாம் அதில் ஆடினோம். அது நம்முடையதாக இருக்கவில்லை.

பேரப்பிள்ளைகள் இன்றும் மாலையில் பந்து ஆடுகிறார்கள். ஆனால் இடம் மாறிவிட்டது. கடைவீதியின் பின்புறத்தில் ஒரு பெரிய கொட்டகை; மேலே தகரக் கூரை; சுற்றிலும் வலை; கீழே செயற்கைப் புல் அல்லது வழவழப்பான தரை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வெள்ளி என்று வாடகை. பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டு, ஐவருக்கு ஐவராக ஆடுகிறார்கள். இந்த ஆட்டத்தைத்தான் புட்சால் என்கிறோம். இன்றைய பேச்சில் மூன்று செய்திகளைப் பார்ப்போம். இந்த ஆட்டம் எப்படிப்பட்டது? இதைத் தொழிலாக ஆடும் ஒரு லீக்கில் ஒரு பருவம் எப்படி நடக்கிறது? தோட்டத்து வழிவந்த நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன இடம்?

முதலில் பிறந்த கதை. தென் அமெரிக்காவில் உருகுவாய் என்று ஒரு சிறிய நாடு. 1930ஆம் ஆண்டில் முதல் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி அங்கேதான் நடந்தது. அந்த நாடே கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டில், அதே மொண்டெவிடியோ நகரத்தில், இளைஞர் கிறிஸ்துவ சங்கத்தில் ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்பவர் கூடத்துக்குள் ஆடுவதற்கேற்ற ஒரு காற்பந்து முறையை வகுத்தார். ஊரெங்கும் பந்துப் பைத்தியம்; ஆட வரும் பிள்ளைகளோ அதிகம். மழை பெய்தால் திடல் இல்லை. ஆகவே கூடைப்பந்திலிருந்து ஓர் அணிக்கு ஐவர் என்ற கணக்கையும், கைப்பந்து ஆட்டத்திலிருந்து களத்தின் அளவையும், நீர்ப்பந்தாட்டத்திலிருந்து கோல் காவலருக்கான விதிகள் சிலவற்றையும் எடுத்து, காற்பந்தோடு சேர்த்தார். ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் இதற்கு வழங்கிய பெயரின் பொருள் 'கூடத்துக் காற்பந்து' என்பதே. அந்தச் சொற்களைச் சுருக்கியதுதான் புட்சால்.

இனி ஆட்டத்தின் அமைப்பு. களம் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையது. பந்து வழக்கமான காற்பந்தைவிடச் சிறியது. ஆனால் எடை ஏறக்குறைய அதே அளவு. 400 முதல் 440 கிராம் வரை. அது அதிகம் துள்ளாதபடி செய்யப்பட்டிருக்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது என்பது விதி. இதற்குக் காரணம் உண்டு. துள்ளும் பந்தைச் சிறிய கூடத்தில் ஆடினால் அது ஆகாயத்திலேயே இருக்கும். கால் வேலை குறைந்துவிடும். துள்ளாத பந்து காலடியில் நிற்கும். ஆட்டக்காரர் அதை உள்ளங்காலால் இழுக்கவும், குறுகிய இடத்தில் திருப்பவும், சட்டென்று கைமாற்றவும் கற்றுக்கொள்கிறார். ரொனால்டினோ போன்ற பிரேசில் ஆட்டக்காரர்கள் சிறுவயதில் இந்தக் கூடத்து ஆட்டத்தில் பழகியவர்கள்.

ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஆனால் பந்து வெளியே போனால் கடிகாரம் நின்றுவிடும். அதனால் 40 நிமிட ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். நேரத்தைக் கடத்தி வெற்றியைக் காப்பாற்ற முடியாது. வெளியே போன பந்தை நான்கு வினாடிக்குள் உள்ளே உதைக்க வேண்டும். ஆள் மாற்றத்துக்குக் கணக்கு இல்லை; எத்தனை முறையும் மாற்றலாம். ஏனென்றால் இதில் நடந்துகொண்டு ஆட முடியாது. எல்லாரும் தாக்க வேண்டும். எல்லாரும் தடுக்க வேண்டும். சில நிமிடங்கள் முழு மூச்சாக ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குவது இதன் வழக்கம்.

இன்னொரு நல்ல விதி தவறுகளைப் பற்றியது. ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் தவறுகளை வரிசையாக எண்ணி வைப்பார்கள். ஐந்துவரை பொறுத்துக்கொள்வார்கள். ஆறாவது தவறிலிருந்து எதிர் அணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும். கோலிலிருந்து 10 மீட்டர் தொலைவில் பந்தை வைத்து, கோல் காவலர் ஒருவரை மட்டும் எதிரில் நிறுத்தி உதைக்கலாம். ஒருவன் செய்த தவறுக்கு ஐவரும் விலை கொடுக்க வேண்டும். முரட்டு ஆட்டத்தைக் குறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது எனலாம்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. நம் ஊரில் கொட்டகைக்குள் ஐவராக ஆடுவதையெல்லாம் புட்சால் என்றே அழைக்கிறோம். செயற்கைப் புல்லில், சுற்று வலையில் பட்டுத் திரும்பும் பந்தை ஆடுவது அந்த ஆட்டத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சர்வதேச விதிப்படி ஆடும் புட்சாலுக்குக் கோடுதான் எல்லை, சுவர் கிடையாது. சுவரையே ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட இன்னொரு வகையும் உலகத்தில் உண்டு. அதை அமெரிக்கர்கள் வளர்த்தார்கள். தொழில்முறைப் பருவம் என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள அவர்களுடைய கதை நமக்கு உதவும்.

அதற்கு முன், பருவம் என்ற சொல்லைப் பார்ப்போம். கிண்ணப் போட்டியில் தோற்றவர் வீட்டுக்குப் போகலாம். ஒருநாள் அதிர்ஷ்டம் இருந்தால் சிறிய அணியும் வெல்லலாம். லீக் ஆட்டம் அப்படியில்லை. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும். எட்டு அணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊரில் ஒரு முறையும், எதிரியின் ஊரில் ஒரு முறையும் ஆடினால், ஓர் அணிக்கு 14 ஆட்டம். மொத்தம் 56 ஆட்டம். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்று பட்டியல் போடுவார்கள். காயம், களைப்பு, நடுவர் தீர்ப்பு, மழை, பயணம் எல்லாவற்றையும் தாண்டி மாதக்கணக்கில் நிலையாக ஆடுகிற அணியே மேலே வரும். இதுதான் பருவம். அது ஓர் அணியின் திறமையை மட்டுமல்ல, அதன் நிர்வாகத்தையும் சேர்த்துச் சோதிக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது இது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிலடெல்பியா நகரத்தில் உள்ளரங்கக் காற்பந்தாட்டம் ஒன்று நடந்தது. மாஸ்கோ ராணுவ அணி வந்து உள்ளூர் அணியோடு ஆடியது. பனிக்கட்டியின் மேல் ஹாக்கி ஆடும் அரங்கத்தில் செயற்கைப் புல்லை விரித்து ஆடினார்கள். 11,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அதைக் கண்டவர்களில் ஒருவரான எட் டெப்பர், பின்னர் ஏர்ல் ஃபோர்மன் என்பவரோடு சேர்ந்து 1978ஆம் ஆண்டில் ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கினார். முதல் பருவத்தில் ஆறு அணிகள். ஓர் அணிக்கு 24 ஆட்டம். ஆக மொத்தம் 72 ஆட்டம். டிசம்பரில் தொடங்கியது. கோல் காவலரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர்; 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. பந்து சுவரில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்று பந்துக்குச் செம்மஞ்சள் நிறம் கொடுத்தார்கள்.

அந்தப் பருவத்தில் நாம் கவனிக்கவேண்டியவை இரண்டு. பட்டியலில் முதலிடம் பிடித்தது ஹூஸ்டன் அணி. ஆனால் இறுதிச் சுற்றில் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது நியூயார்க் ஏரோஸ் அணி. அந்த அணி தொடர்ந்து நான்கு முறை கோப்பையை வென்றது. இது முதல் செய்தி. இரண்டாவது செய்தி சின்சினாட்டி நகரத்து அணியைப் பற்றியது. ஆட்டத்தில் அது சோடை போகவில்லை. பேஸ்பால் ஆட்டத்தில் அந்நாடே அறிந்த பீட் ரோஸ் அதன் பங்குதாரர்களில் ஒருவர். ஆனாலும் அந்த ஒரு பருவத்தோடு அந்த அணி மறைந்துவிட்டது. நான்கு முறை வென்ற ஏரோஸ் அணியும் 1984ஆம் ஆண்டில் இல்லாமற்போனது. லீக்கே 1992ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

வென்றவர்களும் மறைந்தார்கள், தோற்றவர்களும் மறைந்தார்கள் என்றால் காரணம் களத்துக்கு வெளியே இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? தொழில்முறை அணிக்கு வரவு மூன்று வழியில் வருகிறது: வாசலில் விற்கும் சீட்டு, தொலைக்காட்சி தரும் பணம், விளம்பரதாரர் தரும் உதவி. செலவோ பல வழியில் போகிறது: ஆட்டக்காரர் சம்பளம், அரங்க வாடகை, பயணம், தங்குமிடம், மருத்துவம். வரவு ஆட்டம் நடக்கும் சில மாதங்களில்தான் வரும். செலவு ஆண்டு முழுவதும் இருக்கும். இந்தக் கணக்கைச் சரிக்கட்டத் தெரியாத அணி, எத்தனை கோல் அடித்தாலும் நிலைக்காது.

இப்போது நமக்கு நெருங்கிய ஓர் ஊருக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கத்தில் பிரீமியர் புட்சால் என்ற லீக் தொடங்கியது. சென்னை, மும்பை, கொச்சி, கோவா, கொல்கத்தா, பெங்களூரு என்று ஆறு அணிகள். பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி என்று ஆட்ட நேரத்தை வகுத்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் உலகப் புகழ் பெற்ற ஒரு தலையாய ஆட்டக்காரர். சென்னைக்குப் பிரேசில் நாட்டுப் புட்சால் மன்னர் ஃபால்காவ், கோவாவுக்கு ரொனால்டினோ, மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்குப் பால் ஸ்கோல்ஸ். போர்ச்சுகல் நாட்டின் லூயிஸ் ஃபிகோ லீக்கின் தலைவர். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த விளம்பரப் பாட்டு வேறு. கோவாவுக்காக ஆடிய ரொனால்டினோ பெங்களூரு அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் தனியாக ஐந்து கோல் அடித்தார். பிறகு பருவம் முடியும் முன்பே தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்குக் கஃபு வந்தார். ஜூலை 24ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பை அணி கொச்சியைப் பெனால்டி உதைகளில் வென்றது.

பத்தே நாளில் ஒரு பருவம் முடிந்துவிட்டது. மறு ஆண்டு 2017இல் இரண்டாம் பருவம் நடந்தது. அதன் பிறகு அந்த லீக் நடக்கவில்லை. அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் அதற்கு அங்கீகாரம் தரவில்லை. சம்மேளனம் தன் சொந்தப் பொறுப்பில் கிளப்புகளுக்கான புட்சால் போட்டியைத் தொடங்கியது 2021ஆம் ஆண்டில்தான்.

குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சென்னை அரங்கத்தில் ஃபால்காவ் ஆடியதைப் பார்த்த ஒரு சிறுவன் அதை மறக்கமாட்டான். ஆனால் அவன் மறுநாள் எங்கே போய் ஆடுவான்? எந்த அணியில் சேருவான்? யார் அவனுக்குப் பயிற்சி கொடுப்பார்? இந்தக் கேள்விகளுக்கு அந்தப் பத்து நாளில் பதில் இல்லை. வாணவேடிக்கை வேறு, வீட்டு விளக்கு வேறு. நல்ல பருவம் என்பது வீட்டு விளக்கைப் போல ஆண்டுதோறும் அதே நேரத்தில் ஏற்றப்பட வேண்டும்.

நம் நாட்டுக்கு இந்த ஆட்டத்தில் நல்ல பெயர் உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1996ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த உலகப் புட்சால் போட்டியில் மலேசியா ஆடியது. முதல் சுற்றைத் தாண்டவில்லை என்றாலும், உலகப் போட்டிக்குப் போனது போனதுதான். 1999ஆம் ஆண்டு ஆசியப் புட்சால் போட்டி முதன்முதலாக நடந்தபோது அதை நடத்திய ஊர் நம் கோலாலம்பூர். ஈரான் வென்றது. பின்னர் உள்நாட்டில் தேசிய அளவிலான லீக் ஆட்டங்கள் நடந்தன. 2019ஆம் ஆண்டில் மலேசிய பிரீமியர் புட்சால் லீக் என்ற பெயரில் அவை புதிய வடிவம் பெற்றன.

பேராக்குக்கும் பந்துக்கும் உள்ள உறவோ பழையது. 1967ஆம் ஆண்டிலும் 1970ஆம் ஆண்டிலும் மலேசியக் கிண்ணத்தை இந்த மாநிலம் வென்றது. பேராக்குக்காக ஆடிய எம். சந்திரன், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நாட்டு அணியில் இருந்தவர். ஈப்போவில் 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பேராக் விளையாட்டரங்கமும், அதே வட்டாரத்தில் இந்திரா மூலியா உள்ளரங்கமும் இருக்கின்றன. ஆகவே ஆட்டம் நமக்குப் புதிதல்ல, அரங்கமும் இல்லாமலில்லை. தோட்டத்துத் திடலுக்கும் அந்த அரங்கத்துக்கும் நடுவில் இருந்த ஏணிதான் இப்போது சில இடங்களில் படி கழன்று கிடக்கிறது.

எப்படி என்று சொல்கிறோம். தோட்டக் காலத்தில் திடலில் ஆட ஒருவனும் பணம் கொடுக்கவில்லை. தோட்டத்து அணி, பிறகு வட்டார அணி, பிறகு மாநில அணி என்று ஒருவன் ஏறி வரலாம். இன்றைக்குக் கொட்டகையில் ஒரு மணி நேரத்துக்கு 80 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேர் ஆடினால் தலைக்கு எட்டு வெள்ளி. வாரம் இரு முறை என்றால் மாதத்துக்கு 64 வெள்ளி. போக்குவரத்துச் செலவு தனி. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தில் இது சிறிய தொகை அல்ல. நன்றாக ஆடுகிற பிள்ளை ஆட வராமற்போவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருக்கவேண்டியதில்லை. இந்த 64 வெள்ளியே போதும்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நாம் பழமொழி சொல்வோம். ஆடத் தெரிந்தவர்களுக்குக் கூடமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அதற்கு வழி நம் கையிலேயே ஓரளவு இருக்கிறது.

பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டங்களோடு பிறந்தவை. மக்கள் வெளியேறிய பிறகு மாணவர் எண்ணிக்கை குறைந்துபோனவை. நூற்றைம்பது மாணவருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் கணக்கிடுகிறது. முப்பது நாற்பது பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகளும் உண்டு. அப்படிப்பட்ட பள்ளியில் பதினொருவர் அணி சேர்ப்பது எப்படி? ஆறாம் வகுப்பில் நான்கு பையன்கள்; ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர்; அவர்களில் ஒருவனுக்கு ஆஸ்துமா. ஆகவே மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவே பள்ளி தயங்குகிறது. ஆனால் ஐவர் அணி என்றால்? நாளைக்கே சேர்த்துவிடலாம். பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஓர் அணி அமைக்கலாம். களத்துக்குப் புல் வேண்டியதில்லை. காலைக் கூட்டம் நடத்தும் சிமெண்டுத் தளத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டால் போதும். ஒரு துள்ளாத பந்து வாங்க வேண்டும். கோல் கம்பத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் வேண்டும். செரியானி மொண்டெவிடியோவில் செய்ததும் இதுதானே? திடல் இல்லாதவர்களுக்காகப் பிறந்த ஆட்டம், திடலை இழந்தவர்களுக்குப் பொருந்தாமல் போகுமா?

ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்தால் ஒரு சிறு லீக் ஆயிற்று. ஆறு அணிகள் ஒருமுறை மட்டும் மோதினால் 15 ஆட்டம். சனிக்கிழமைக்கு மூன்று ஆட்டம் என்றால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். புள்ளிப் பட்டியலை மாணவர்களே போடட்டும், கணக்கும் வரும். எண்ணிவைத்த தவறுகளை ஒரு மாணவி கரும்பலகையில் குறிக்கட்டும், நேர்மையும் வரும். பெரிய பிள்ளைகளுக்கு ஊர்ப் பொது மண்டபத்தையும், நகராண்மைக் கழகத்தின் மூடிய அரங்கத்தையும் முன்கூட்டி எழுதிக் கேட்கலாம். தனி ஆளாகக் கேட்பதைவிடப் பதிவு பெற்ற இளைஞர் மன்றமாகக் கேட்டால் கதவு சற்று எளிதாகத் திறக்கும்.

இறுதியாக, இதைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். உள்ளரங்க ஆட்டத்தில் முழுநேர வருமானம் பெறுகிறவர்கள் உலகத்திலேயே சில நாடுகளில்தான் அதிகம். ஸ்பெயின், பிரேசில், போர்ச்சுகல், ஈரான் போன்றவை அவை. நம் நாட்டில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஆட்டக்காரரின் உழைப்புக் காலம் குறுகியது. கணுக்காலும் முழங்காலும் திடீர்த் திருப்பத்தில் எளிதில் பாதிக்கப்படும். காற்பந்து உலகத்தில் சம்பள பாக்கி என்பதும் நாம் கேட்டறியாத சொல் அல்ல. ஆகவே ஓர் அணி கையெழுத்துக் கேட்டால், மகிழ்ச்சியில் பேனாவை எடுக்கும் முன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். சம்பளம் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமா, ஆண்டு முழுவதற்குமா? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? ஊழியர் சேமநிதிக்கும் பெர்கேசோவுக்கும் பணம் கட்டப்படுமா? இடையில் அணி கலைந்தால் நம் நிலை என்ன? இவற்றுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். தோட்டத்தில் நம் முன்னோர் பலர் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். படித்த பேரப்பிள்ளைகள் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இதனால் பள்ளிப் படிப்பை விட்டுவிடவேண்டும் என்பதில்லை; விடவும் கூடாது. ஆட்டக்காரர் ஆக முடியாதவர் நடுவர் ஆகலாம். பயிற்றுநர் சான்றிதழ் பெறலாம். உடற்பயிற்சி மருத்துவம் படிக்கலாம். அணியின் கணக்கை எழுதலாம். சின்சினாட்டி அணியும் ஏரோஸ் அணியும் மறைந்தது நல்ல ஆட்டக்காரர் இல்லாமல் அல்ல என்பதை முன்பே பார்த்தோம். ஒரு பருவம் நிலைக்க ஐந்து பேரின் கால் போதாது. ஐம்பது பேரின் கையும் வேண்டும்.

நேயர்களே, தோட்டத்துத் திடலை நாம் நினைத்துப் பெருமூச்சு விடுவது இயல்பு. அந்தத் திடல் இனித் திரும்பப்போவதில்லை. அங்கே செம்பனை காய்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மாலை ஐந்து மணியைத் திரும்பக் கொண்டுவர முடியும். அதற்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும். இந்த முறை அந்த இடம் யாருடைய தயவிலும் இல்லாமல், பள்ளியின் பெயரிலோ மன்றத்தின் பெயரிலோ, எழுத்தில் நம்முடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.